தூரம் போட்ட கோலம்: சாஃப்ட்பால் களமும் ஒன்பது இடங்களும்



சாஃப்ட்பால் பற்றிய எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு படம் வந்துவிடும். விரித்து வைத்த விசிறிபோல ஒரு களம். விசிறியின் பிடிப் பக்கத்தில், முனையில் நிற்கும் ஒரு சதுரம். அந்தச் சதுரத்தின் உள்ளும் புறமுமாக ஒன்பது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர், ஓர் எண். இந்தப் படத்தை உருப்போட்டுவிட்டால் அடிப்படைப் பாடம் முடிந்தது என்பது நம் வழக்கம். தேர்விலும் அதையே கேட்கிறோம்: ஷார்ட்ஸ்டாப் எங்கே நிற்பார், அவருடைய எண் என்ன? அவர் ஏன் அங்கே போய் நிற்கிறார் என்று மட்டும் கேட்பதில்லை. விட்டுப்போன அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் பொருள். நான் நிறுவ விரும்புவது இதுதான்: அந்த ஒன்பது புள்ளிகளையும் குறித்தது தூரம். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடி, பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி. இந்த இரண்டு அளவுகளைக் கையில் கொடுத்துவிட்டால், படத்தைப் பார்க்காத ஒருவரும் ஒன்பது பேரின் இடத்தையும் வேலையையும் தாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு முதல் சான்றை விதிப்புத்தகமே தருகிறது. பந்து வீசப்படும் நேரத்தில் யார் எங்கே இருக்க வேண்டும் என்று அது இடம் குறித்துக் கட்டிப்போடுவது இருவரை மட்டுமே. பிட்சர் தம் பலகைமேல் கால் வைத்திருக்க வேண்டும். கேட்சர் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் தமக்கென வரைந்த கட்டத்துக்குள் இருக்க வேண்டும். மற்ற ஏழு பேரும் ஃபவுல் கோடுகளுக்கு உட்பட்ட பகுதியில், பேட்டரின் பார்வையைக் கலைக்காமல், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சுதந்திரம் புதிதல்ல. கேப்டன் கையசைத்து ஸ்லிப்பில் நிற்பவரை மிட்விக்கெட்டுக்கு அனுப்புவதைத் தினமும் பார்க்கிறோம். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் கோலம் மாறுகிறது. சாஃப்ட்பாலிலோ டோக்கியோவில் ஆடினாலும் சிகாகோவில் ஆடினாலும் மெல்போர்னில் ஆடினாலும் அந்த ஏழு பேர் ஏறக்குறைய அதே இடங்களில்தான் நிற்கிறார்கள். நிற்கச் சொல்லி விதி இல்லாதபோதும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்றால், விதிக்கு வெளியே ஏதோ ஒன்று அவர்களை இழுக்கிறது என்றுதானே பொருள்?

அதைக் காண முதலில் களத்தைக் கோடு போட்டுப் பார்ப்போம். சாஃப்ட்பாலில் பல வகை உண்டு. நான் எடுத்துக்கொள்வது பன்னாட்டுப் பெண்கள் ஆட்டமான ஃபாஸ்ட்பிட்ச். ஐந்து பக்கம் கொண்ட, 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டு ஃபவுல் கோடுகள் செங்கோணத்தில் பிரிந்து வேலிவரை ஓடுகின்றன. அவற்றுக்கு இடைப்பட்டதே ஆட்டம் செல்லும் பகுதி. வெளியே விழுந்தால் ஃபவுல். ஹோம் பிளேட்டையும் மூன்று பேஸ்களையும் மூலைகளாகக் கொண்டு 60 அடிச் சதுரம் அமைகிறது. அடித்தவர் வலப்பக்கக் கோட்டின்மேல் இருக்கும் முதல் பேஸுக்கு ஓடி, அங்கிருந்து இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று இடஞ்சுழியாகச் சுற்றி வீடு திரும்பினால் ஓர் ஓட்டம். சதுரத்தையும் அதை ஒட்டிய பகுதியையும் இன்ஃபீல்டு என்பார்கள்; அங்கே புல் கிடையாது, பந்து சீராக எழும்ப வெறும் மண்தான். அதற்கு அப்பால் வேலிவரை புல்வெளி, அது அவுட்ஃபீல்டு. வேலி ஹோம் பிளேட்டிலிருந்து சுமார் 220 அடி, அதாவது 67 மீட்டர். பிட்சரின் பலகையைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் இருக்கும். பேஸ்பால் பிட்சர் நிற்பது மேட்டின்மேல். சாஃப்ட்பாலில் மேடு இல்லை, தரை சமதளம்.

இந்தச் சதுரத்துக்குள் ஒரு வடிவியல் நயம் ஒளிந்திருக்கிறது. 60 அடிச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 85 அடி. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸும் அவ்வளவு தொலைவு. மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸும் அவ்வளவு தொலைவு. இரண்டு மூலைவிட்டங்களும் வெட்டிக்கொள்ளும் மையம் ஹோம் பிளேட்டிலிருந்து 42 அடிக்குச் சற்று அதிகம். பிட்சரின் பலகை இருப்பதோ 43 அடியில். அதாவது பிட்சர் சதுரத்தின் நட்டநடுவில் நிற்கிறார். நாலு மூலையும் அவருக்கு ஏறக்குறையச் சம தூரம். பந்தை வீசி முடித்த கணமே அவர் ஐந்தாவது இன்ஃபீல்டராக மாறிவிடுவதற்கு இதுவே காரணம். மெல்லத் தட்டிவிட்ட பந்து எந்தப் பக்கம் உருண்டாலும் முதலில் எட்டக்கூடியவர்களில் அவர் ஒருவர். எடுத்ததும் எந்த மூலைக்கும் எறியக்கூடியவரும் அவரே. எண் வரிசையில் அவருக்கு ஒன்று என்ற எண் கிடைத்திருப்பதும் பொருத்தம்தான்.

இப்போது நேரத்தைக் கணக்கிடுவோம், ஏனென்றால் களத்தில் தூரம் என்பது நேரத்தின் மறுபெயர். தரையோடு பந்தை அடித்தவர் முதல் பேஸைத் தொடுவதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அவர் அவுட். உயர்மட்டத்தில் ஆடும் வேகமான ஓட்டக்காரர் அந்த 60 அடியை மூன்று நொடிக்குள் கடந்துவிடுகிறார். மறுபக்கம் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி அடித்த பந்து ஏறத்தாழ 25 மீட்டர் தரையில் ஓடி வர ஒரு நொடி. குனிந்து எடுத்து, கையுறையிலிருந்து பந்தைப் பிரித்து, எறியும் நிலைக்கு வர இன்னொரு நொடி. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் முதல் பேஸை எட்ட மூன்றாவது நொடி. ஆக மூன்று நொடிக்கு மூன்று நொடி. தராசு இம்மி பிசகாமல் நிற்கிறது. பந்து ஒருமுறை கையில் நழுவினால் ஓட்டக்காரர் தப்பித்தார். ஷார்ட்ஸ்டாப் நாலடி பின்னால் நின்றிருந்தாலும் தப்பித்தார். நாலடி முன்னால் நின்றிருந்தால் பந்து அவரை எட்டும் நேரம் குறைந்து, பக்கவாட்டில் பாயும் பந்தை அவரால் தடுக்க முடியாது. அவர் நிற்கும் இடம் இந்த இரண்டு இழப்புகளும் சமப்படும் புள்ளி. கையேட்டுப் படத்தில் இருப்பது அந்தப் புள்ளிதான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்ஃபீல்டின் நால்வரையும் பார்த்தால் ஒவ்வொருவரின் வேலையும் துலங்கும். புதிதாக ஆடவரும் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் பிழை, பேஸ்காரர் என்றால் பேஸின் மேலேயே ஏறி நிற்பது. பந்து பேஸைத் தேடி வருவதில்லை. இடைவெளியைத் தேடிப் போகிறது. அதனால்தான் இரண்டாம் பேஸின் மேல் எவரும் நிற்பதில்லை. அதன் வலப்புறத்தில் இரண்டாம் பேஸ்காரரும் இடப்புறத்தில் ஷார்ட்ஸ்டாப்பும் நின்று, இருவருமாக அதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பந்து ஒருவர் பக்கம் போனால் மற்றவர் பேஸுக்கு ஓடுவார். வலக்கைப் பேட்டர்கள் இழுத்தடித்தால் பந்து இடப்பக்கமே போகும். அங்கிருந்து முதல் பேஸுக்கு எறியும் தூரமும் அதிகம். ஆகவே எறிகை வலுத்தவர்களை இடப்பக்கத்துக்கு வைக்கிறார்கள். இரண்டாம் பேஸ்காரருக்கு எறியும் தூரம் குறைவு. வலுவான தோளைவிடச் சுறுசுறுப்பான கால் அவருக்கு அவசியம். முதல் பேஸ்காரரோ எல்லோரும் எறிவதை வாங்குபவர். தாறுமாறாக வரும் எறிதலையும் எட்டிப் பிடிக்கும் நீண்ட கை அவருடைய மூலதனம். அந்த ஒரு பேஸை நோக்கி ஓட்டக்காரரும் பந்தும் ஒரே கணத்தில் வருவதால் மோதல் நேர்ந்தபடியே இருந்தது. அதைத் தவிர்க்க முதல் பேஸை இரட்டையாக்கினார்கள்: வெள்ளைப் பாதி கோட்டுக்கு உள்ளே, பந்து வாங்குபவருக்கு, ஆரஞ்சுப் பாதி கோட்டுக்கு வெளியே, ஓடி வருபவருக்கு. 60 அடி எவ்வளவு நெருக்கமான அளவு என்பதற்கு அந்த இரண்டு நிறப் பேஸைவிடச் சான்று வேண்டாம்.

இதே 60 அடிதான் முதல் பேஸ்காரரையும் மூன்றாம் பேஸ்காரரையும் முன்னால் இழுத்து வருகிறது. பேட்டர் மட்டையை வீசாமல் பந்தின் குறுக்கே பிடித்து மெல்லத் தட்டிவிடுவதைப் பன்ட் என்பார்கள். பந்து பத்துப் பதினைந்து அடி உருண்டு நிற்கும். அதை ஓடிவந்து எடுத்து எறிவதற்குள் மூன்று நொடி தீர்ந்துவிடும். இன்னொரு தந்திரமும் உண்டு. இடக்கைப் பேட்டர் முதல் பேஸுக்கு ஏற்கெனவே ஓரிரு எட்டு நெருக்கம். அவர் ஓடத் தொடங்கிய காலோடு பந்தைத் தட்டிவிட்டுப் பறப்பார். இதை ஸ்லாப் என்கிறார்கள். இந்த இரண்டையும் எதிர்கொள்ள, பேஸ்பாலில் பேஸுக்குப் பின்னால் நிற்கும் மூலைக் காவலர்கள் சாஃப்ட்பாலில் பேஸுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். சில வேளைகளில் பேட்டரிலிருந்து 45 அடி தூரத்துக்கும் குறைவாக. அப்போது காலியாகும் முதல் பேஸை இரண்டாம் பேஸ்காரர் ஓடிப்போய்க் காக்கிறார். இரண்டாம் பேஸ் ஷார்ட்ஸ்டாப்பின் பொறுப்பாகிறது. இடப்பக்க அவுட்ஃபீல்டர் மூன்றாம் பேஸை நோக்கி விரைகிறார். ஒருவர் நகர்ந்தால் ஒன்பது பேரும் நகர வேண்டும். புள்ளிகளை மட்டும் படித்தவருக்கு இது குழப்பமாகத் தெரியும். தூரத்தைப் படித்தவருக்கு ஒரே வாக்கியம் மூச்சுவிடாமல் போவதுபோலத் தெரியும்.

கேட்சரின் நிலையையும் அளவுகள்தான் விளக்குகின்றன. களத்தில் எட்டுப் பேர் ஹோம் பிளேட்டைப் பார்த்து நிற்க, முழுக் களத்தையும் பார்த்து அமர்ந்திருப்பவர் அவர் ஒருவரே. அவரை ஆட்டத்தின் கண் என்றே சொல்லலாம். முதல் பேஸில் இருப்பவர் இரண்டாம் பேஸைத் திருட ஓடினால், 85 அடி மூலைவிட்டத்தில் பந்தை எறிந்து அவரை மறிப்பது கேட்சரின் கடமை. பேஸ்பாலில் ஓட்டக்காரர் பந்து வீசும் முன்பே பேஸை விட்டு நாலைந்து எட்டு தள்ளி நின்றுகொள்ளலாம். சாஃப்ட்பாலில் பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும்வரை பேஸிலிருந்து கால் எடுக்கக் கூடாது. இது ஏதோ கூடுதல் கண்டிப்பு அல்ல. 60 அடியில் பத்தடியை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் எந்தக் கேட்சராலும் எவரையும் பிடிக்க முடியாது, ஆட்டமே சாய்ந்துவிடும். தூரம் குறைந்த இடத்தில் விதி வந்து முட்டுக்கொடுக்கிறது.

இனி வெளியே நிற்கும் மூவர். இடம், நடு, வலம் என்று அவுட்ஃபீல்டைப் பங்கிட்டு நிற்கும் இவர்களைத் தொலைவில் நிற்பவர்கள் என்பதாலேயே இரண்டாம் தரமாக நினைக்கும் பழக்கம் உண்டு. அதிலும் பள்ளி அணிகளில் யாருக்கும் வேண்டாத பிள்ளையை வலப்பக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அளவுகளைப் பார்த்தால் இது தப்புக்கணக்கு. வேலி 220 அடியில் இருப்பதால் வலப்பக்க அவுட்ஃபீல்டர் முதல் பேஸுக்கு அருகிலேயே நிற்கிறார். இன்ஃபீல்டைத் தாண்டி அவர்முன் விழுந்த பந்தை அவர் பாய்ந்து எடுத்து நேரே முதல் பேஸுக்கு எறிந்து, அடித்தவரை அங்கேயே அவுட் ஆக்கிவிட முடியும். 90 அடிப் பேஸ்களும் பெரிய புல்வெளியும் கொண்ட பேஸ்பாலில் இது அபூர்வம். சாஃப்ட்பாலில் தெரிந்தே முயலும் ஆட்டம். முதல் பேஸுக்கு எறிந்த பந்து தவறிப் போனால் பின்னால் நின்று காப்பவரும் அவரே. நடுவில் நிற்பவருக்கு இருபுறமும் ஓட வேண்டியிருப்பதால் மூவரில் வேகமானவரை அங்கே வைத்து, உயரப் பந்துக்கு இருவர் ஓடிவந்தால் குரல் கொடுத்துப் பிடிக்கும் முன்னுரிமையையும் அவருக்கே தருகிறார்கள்.

எண்களிலும் வரலாற்றின் தடம் இருக்கிறது. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாம் பேஸ்காரர் 4, மூன்றாம் பேஸ்காரர் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடம், நடு, வலம் முறையே 7, 8, 9. வரிசையாகச் சுற்றி வந்தால் நாலுக்கு அடுத்து ஷார்ட்ஸ்டாப்புக்கு ஐந்துதானே வரவேண்டும்? அவர் மூன்றாம் பேஸ்காரருக்குப் பின்னால் ஆறாகப் போனது ஏன்? பேஸ்பாலின் தொடக்க நாள்களில் ஷார்ட்ஸ்டாப் இன்ஃபீல்டின் நிரந்தரக் குடியாக இல்லை. நியூயார்க் நிக்கர்பாக்கர் சங்கத்தின் டாக் ஆடம்ஸ் 1850ஆம் ஆண்டை ஒட்டி அந்த இடத்தை ஆடத் தொடங்கியபோது, அவுட்ஃபீல்டிலிருந்து வரும் எறிதலை வாங்கி உள்ளே கடத்துவதே அவருடைய வேலை. அந்நாளைய பந்து எடை குறைந்தது. நேராக எறிந்தால் உள்ளே வந்து சேராது. பந்து கனமானதும் இடைத்தரகர் தேவையற்றுப் போனார். மூன்றாம் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில் வந்து குடியமர்ந்தார். பேஸ்காரர்களை எண்ணி முடித்த பிறகு அவரை எண்ணும் வழக்கத்தில் அந்தப் பழைய அலைச்சலின் நினைவு தங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எறியும் தூரம் மாறியதும் இடம் மாறியது என்பது இங்கே நமக்கு வேண்டிய செய்தி.

இதுவரை சொன்னது தர்க்கம். சோதனைச் சான்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஸ்லோபிட்ச் என்ற வகை சாஃப்ட்பாலில் பந்தை வேகமாக வீசக் கூடாது. வில்போல் வளைந்து மேலே போய் இறங்கும்படி போட வேண்டும். பிட்சர் 50 அடியில் நிற்கிறார். பேஸ்கள் 65 அல்லது 70 அடியில். பன்ட் அடிக்க அனுமதி இல்லை. விளைவு என்ன? பன்ட் பயம் போனதும் முதல், மூன்றாம் பேஸ்காரர்கள் பின்வாங்கி நிற்கிறார்கள். மெதுவாக வரும் பந்தை எல்லோராலும் ஓங்கி அடிக்க முடிவதால் மூன்று அவுட்ஃபீல்டர்கள் போதாமல் நாலாவதாக ஒருவர் சேர்ந்து, அணி பத்துப் பேராகிறது. மட்டை அதே மாதிரி, கையுறை அதே, சதுரம் அதே வடிவம். தூரமும் வேகமும் பன்ட் விதியும் மட்டும் மாறின. ஆள்கள் நிற்கும் கோலம் மாறிவிட்டது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சோதனையை ஆய்வுக்கூடத்திலும் நடத்த முடியாது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: சாஃப்ட்பால் என்பது சுருக்கிய பேஸ்பால், இடங்கள் அங்கிருந்து அப்படியே வந்தவை, தூரத்துக்கு இதில் பங்கில்லை. பெயர்கள் அங்கிருந்து வந்தவைதாம், ஐயமில்லை. ஆனால் சுருக்கம் என்றால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். பேஸ் தூரம் 90 அடியிலிருந்து 60 அடியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆட்டப் பகுதியின் பரப்போ பாதிக்கும் கீழே போனது. பந்து மட்டும் 9 அங்குலச் சுற்றளவிலிருந்து 12 அங்குலமாக வளர்ந்தது. ஆள் எண்ணிக்கை ஒன்பது என்பதில் மாற்றமே இல்லை. இதைச் சுருக்கம் என்று சொல்ல முடியாது, வேறொரு சமன்பாடு. அதன் பிறப்பும் இதையே சொல்கிறது. 1887 நவம்பர் 24 அன்று சிகாகோவின் ஃபாரகட் படகுச் சங்கத்தில், யேல், ஹார்வர்டு கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்ட முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் துடைப்பக் கழியால் அடித்து விளையாட, ஜார்ஜ் ஹான்காக் அந்தக் கையுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி, கூடத்துத் தரையில் சாக்பீஸால் களம் வரைந்தார். கூடத்துக்குள் ஆட வேண்டியிருந்ததால் பந்து பெரிதாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டியதாயிற்று. 1895இல் மினியாபோலிஸில் லூயிஸ் ரோபர் என்ற தீயணைப்பு வீரர் நிலையத்தை ஒட்டிய காலி மனையில் தம் தோழர்களுக்காக இதே போன்ற ஆட்டத்தை அமைத்தார். மணி அடித்தால் ஓட வேண்டியவர்கள் தொலைவான மைதானத்துக்குப் போக முடியுமா? இரண்டு பிறப்பிலும் இடநெருக்கடியே தாய். 1926இல் வால்டர் ஹாகன்சன் சாஃப்ட்பால் என்று பெயர் சூட்டியதும், 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெரும் போட்டி நடந்ததும், அடுத்த ஆண்டு விதிகள் ஒன்றுபட்டதும் அதற்குப் பிந்திய கதை.

இரண்டாவது மறுப்பு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு வருவது. மென்பந்து என்கிறீர்களே, அதற்கு இவ்வளவு நேரக் கணக்கு எதற்கு என்பார்கள். அந்தப் பந்து மென்மையை இழந்து நெடுநாளாகிறது. இன்றைய சாஃப்ட்பால் கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது. எடையும் 178 முதல் 198 கிராம்வரை, கிரிக்கெட் பந்தைவிடக் கூடுதல். பிட்சர் கையை முழு வட்டமாகச் சுழற்றி இடுப்பருகே பந்தை விடும்போது அவருடைய உடல் ஏற்கெனவே ஐந்தாறு அடி முன்னால் வந்துவிட்டது. மீதித் தூரம் சுமார் 37 அடி. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகப் பந்து அதை 0.4 நொடிக்குள் கடக்கிறது. பேஸ்பாலில் 150 கிலோமீட்டர் வேகப் பந்து தன் தூரத்தைக் கடக்கவும் ஏறத்தாழ அதே 0.4 நொடிதான். கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகப் பந்து ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸுக்குள்ள 58 அடியைக் கடக்க 0.45 நொடி ஆகும். தரையில் பட்டு எழுவதால் இன்னும் சற்றுக் கூடும். வேகக் கருவியில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்துச் சாஃப்ட்பாலை மெதுவான ஆட்டம் என்பவர்கள் தூரத்தை அந்த எண்ணால் வகுக்க மறந்தவர்கள்.

மூன்றாவது மறுப்பு கனமானது. சாஃப்ட்பாலில் பிட்சரே எல்லாம். மற்ற எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பவர்கள் என்பது அது. சான்றாக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கைக் காட்டுவார்கள். ஜப்பானின் யுகிகோ உவெனோ இரண்டு நாள்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசி, இறுதியில் அமெரிக்காவை 3-1 என்று வென்று தங்கம் கொண்டுவந்தார். ஒருவர் தோளில் ஒரு நாடு ஏறிநின்ற நாள்கள் அவை என்பதை மறுக்க முடியாது. பிட்சரின் ஆதிக்கம் உண்மை. ஆனால் அந்த ஆதிக்கம் எங்கிருந்து வருகிறது? 43 அடியிலிருந்து. பெண்கள் ஆட்டத்தில் முன்பு அது 40 அடியாக இருந்தது. பேட்டர்கள் திணறி, ஓட்டங்களே விழாமல் ஆட்டங்கள் நீண்டபோது, அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் முதலிலும் பன்னாட்டு ஆட்டம் பின்னரும் பலகையை மூன்றடி பின்னால் தள்ளின. பேட்டருக்கு மட்டையைப் பந்தில் கொண்டுசேர்க்கச் சிறிது நேரம் கிடைத்தது. பந்து களத்துக்குள் வந்தது. மற்ற எட்டுப் பேருக்கும் வேலை வந்தது. ஆட்டத்தின் சமநிலையைச் சீர்செய்ய நினைத்தவர்கள் கை வைத்தது தூரத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். மறுப்பாக வந்தது என் வாதத்துக்கே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

நாலாவது மறுப்பு: இவ்வளவு கணக்குப் பேசினாலும் பெரிய ஆட்டங்களை முடிப்பது அதிர்ஷ்டம் அல்லவா? இதற்கு 2021 ஜூலை 27 அன்று யோகோஹாமாவில் நடந்த ஒலிம்பிக் இறுதியாட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆறாவது இன்னிங்ஸ். ஜப்பான் 2-0 என்று முன்னிலை. அமெரிக்க ஓட்டக்காரர்கள் பேஸ்களில். அமாண்டா சிடெஸ்டர் ஓங்கி அடித்த பந்து நேராக மூன்றாம் பேஸ்காரர் யூ யமமோட்டோவின் கையில் பட்டுத் தெறித்தது. தெறித்த பந்தைத் தரையில் விழும் முன் ஷார்ட்ஸ்டாப் மானா அட்சுமி பிடித்தார்; பிடித்த கையோடு இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து கிளம்பியிருந்தவரையும் அவுட் ஆக்கினார். ஒரே அடியில் இரண்டு பேர் போயினர்; ஆட்டம் அதே 2-0இல் முடிந்தது. பந்து எந்தக் கோணத்தில் தெறிக்கும் என்று எவரும் திட்டமிட முடியாது. அந்த அளவுக்கு அதிர்ஷ்டம்தான். ஆனால் யமமோட்டோ ஏன் அவ்வளவு அருகில் நின்றார்? மூலைக் காவலர்களை முன்னால் இழுத்தது 60 அடி. அட்சுமி ஏன் அவருக்குப் பின்பக்கம், பந்தை நோக்கிக் காலை வைத்தபடி இருந்தார்? முன்னால் நிற்பவருக்குப் பின்னால் திறந்துகிடக்கும் வெளியை மூடுவது ஷார்ட்ஸ்டாப்பின் கணக்கில் இருப்பதால். இரண்டாம் பேஸில் ஏன் எறிதலை வாங்க ஆள் இருந்தார்? ஷார்ட்ஸ்டாப் ஒரு பக்கம் போனால் மற்றவர் பேஸுக்கு வர வேண்டும் என்பதால். அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது; திறந்துவிட ஆள் நின்றிருந்தார்கள்.

கடைசி மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வரக்கூடியது. அதுவே எனக்கு முக்கியமானது. முதல்முறை மட்டையைத் தொடும் பிள்ளைக்கு நேரக் கணக்கும் மூலைவிட்டமும் எதற்கு? இடத்தைக் காட்டி நிற்கச் சொன்னால் போதாதா? முதல் நாளுக்குப் போதும். இரண்டாம் நாளே போதாமல் போகும். இடத்தை மட்டும் கற்ற பிள்ளை, பன்ட் விழுந்த கணத்தில் தன் புள்ளியை விட்டு நகரலாமா என்று தயங்கி நிற்கும். தூரத்தைக் கற்ற பிள்ளை தயங்காது. இதற்குக் கரும்பலகையும் சூத்திரமும் தேவையில்லை. ஒரு கயிறும், நொடி காட்டும் ஒரு கடிகாரமும் போதும். 60 அடியை அளந்து, எல்லோரையும் ஓடவிட்டு நேரம் குறியுங்கள். பிறகு மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு எறியச் சொல்லி அதையும் குறியுங்கள். உங்கள் பிள்ளைகளின் கை ஒலிம்பிக் வீராங்கனைகளின் கையைவிட வலுக்குறைந்தது. ஆகவே அவர்களுடைய ஷார்ட்ஸ்டாப் கையேட்டுப் படத்தில் உள்ளதைவிடச் சற்று முன்னால் நிற்க வேண்டும் என்று கடிகாரமே சொல்லிவிடும். படத்தை நம்பி நிற்கவைத்தால் ஒவ்வொரு ஓட்டக்காரரும் தப்பிவிடுவார். அதாவது புள்ளிகளை உருப்போடுவது எளிய வழி என்று நினைத்தோமே, அது தவறான விடைக்கே கொண்டுபோகிறது.

2028இல் சாஃப்ட்பால் மறுபடி ஒலிம்பிக்குக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் விழாவின் இந்த ஆட்டங்கள் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும். தொலைக்காட்சியில் பார்க்கும்போது பந்தின்மேல் மட்டும் கண் வைக்காதீர்கள். இடக்கைப் பேட்டர் ஒருவர் வந்து நின்றதும் மூன்றாம் பேஸ்காரர் இரண்டு எட்டு முன்னால் வருவதையும், அதைப் பார்த்து ஷார்ட்ஸ்டாப் அரை எட்டு இடம் மாறுவதையும், வலப்பக்கம் நிற்பவர் உள்ளே நெருங்குவதையும் பாருங்கள். எவரும் எவருக்கும் கட்டளையிடுவதாகத் தெரியாது. எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆசிரியப் பெருமக்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த தேர்வில் ஷார்ட்ஸ்டாப்பின் எண் என்ன என்று கேட்டால், கீழே இன்னொரு வரியும் சேருங்கள். பேஸ் தூரத்தை 60 அடியிலிருந்து 70 அடியாக்கினால் அவர் எங்கே போய் நிற்பார், ஏன்? அந்த வரிக்கு விடை எழுதும் மாணவிக்குப் படம் தேவைப்படாது.